சமத் பாயின் மலை மஞ்சப்பூ

கச்சேரி ரோட்டில் எங்கள் கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. முன்பு இருந்ததை ஒரு லாரி இடித்துத் தள்ளிவிட்டுப் போனதாம். அதற்குப் பிறகு வைக்கவில்லை. ஆனாலும் "சமத் பாய் கடை" என்று சொன்னால் லஸ்ஸிலிருந்து சாந்தோம் வரைக்கும் எந்த ஆட்டோக்காரரும் சரியாகக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். நாட்டு மருந்துக் கடை. நான் அங்கே பதினோரு வருஷமாக வேலை செய்கிறேன். காலையில் முண்டகக்கண்ணி அம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்து, கடையைக் கூட்டி, பொடிக்க வேண்டிய விதைகளில் கல் பொறுக்கி, பொட்டலம் மடிப்பது என் வேலை. எடுத்து, நிறுத்து, கையில் கொடுப்பது பாயின் வேலை. அதை அவர் வேறு யாரிடமும் விட்டதில்லை.

அப்துல் சமத் பாய்க்கு அறுபத்து மூன்று வயது. ஒல்லி. வெள்ளைத் தொப்பி, அரைக்கைச் சட்டை, மூக்குக்கண்ணாடியில் ஒரு கறுப்புக் கயிறு. யார் வந்து என்ன கேட்டாலும் முதலில் "யாருக்கு?" என்பார். "எனக்குத்தான் பாய்" என்றால், "டாக்டர்கிட்ட காட்டியாச்சா?" என்பார். காட்டவில்லை என்றால் கொடுக்க மாட்டார். "போய்க் காட்டிட்டு வா, கடை எங்கயும் ஓடிடாது" என்று அனுப்பிவிடுவார். இப்படி அனுப்பி அனுப்பியே பாதி வியாபாரத்தை எதிரில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குத் தாரை வார்க்கிறார் என்று பக்கத்துப் பூக்கடைக்காரர்கள் கேலி செய்வார்கள். பாய் சிரித்துக்கொள்வார்.

கடையில் நூற்று நாற்பது டின்கள் இருந்தன. எல்லாம் பொடி. எல்லாம் ஒரே அளவு, ஒரே தகரம். ஒன்றிலும் பெயர் எழுதியிருக்காது. அது அவருடைய அப்பா காலத்துச் சட்டம். "எழுதிவச்சதைப் படிச்சு மருந்து குடுக்கறதுக்குக் கடைக்காரன் எதுக்கு, கிளார்க்கு போதும்" என்று பெரியவர் சொல்வாராம். டின்னைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து, மூக்குக்குக் கொண்டுபோய், கண்ணை மூடி, அப்புறம்தான் தராசில் போட வேண்டும். பாயும் அப்படியே செய்தார். அவர் கண்ணை மூடும் அந்த ஒரு நிமிஷம் எதிரில் நிற்பவர்களும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். கோயிலில் கற்பூரம் காட்டும்போது நிற்பதுபோல.

அந்த நூற்று நாற்பதில் அவருக்குச் செல்லப் பிள்ளை ஒன்று உண்டு. மலை மஞ்சப்பூ.

அதற்குப் புத்தகத்தில் பெரிய பெயர் ஏதோ இருக்குமாம். எங்கள் கடையில் இதுதான் பெயர். நீலகிரியில், மரமே இல்லாமல் வெறும் புல்லாகக் கிடக்கும் மலைச்சரிவுகளில், இடுப்பு உயரத்துக்குப் புதராக வளருமாம். மஞ்சள் மஞ்சளாகப் பூக்குமாம். அந்தப் பக்கத்து ஜனங்கள் புண்ணுக்கும் வீக்கத்துக்கும் பூவையும் இலையையும் எண்ணெயில் காய்ச்சிப் போடுவார்கள் என்று கேள்வி. கோத்தகிரியில் சாய்நாத் என்று ஒருவர். அவருடைய தேயிலை நிலத்து ஓரத்தில் இது தானாகவே முளைத்து நிற்கிறது. வருஷத்துக்கு இரண்டு தடவை பறித்துக் காயவைத்து, அங்கேயே பொடித்து பஸ் பார்சலில் அனுப்புவார். பாய் கோத்தகிரிக்குப் போனதில்லை. அவ்வளவு ஏன், தாம்பரம் தாண்டினாலே அவருக்குத் தலை சுற்றும். நாற்பது வருஷமாக விற்றாரே தவிர, அந்தச் செடியை அவர் கண்ணால் பார்த்ததில்லை. மூக்கால் மட்டும்தான் பழக்கம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த டின்னைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"மோந்து பாரு முத்துலட்சுமி. மலை மேல வெயில் அடிக்குது பாரு."

மோந்து பார்த்தேன். காய்ந்த புல் மாதிரி, அடியில் கொஞ்சம் சாம்பிராணி மாதிரி, எங்கேயோ தேன் மாதிரி. நானும் மலையைப் பார்த்ததில்லை. ஆனால் வெயில் அடித்தது.

இதை வாங்க வருகிறவர்கள் நாலைந்து பேர்தான். அதில் முக்கியமானவர் சித்திரக்குளம் பக்கத்து ஜலஜா மாமி. அவர் வீட்டுக்காரர் சந்திரமௌலி சார் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்து, படுக்கையில் விழுந்தார். டாக்டர் வருகிறார், நர்சு வருகிறார். அதோடு மாமி தேங்காய் எண்ணெயில் மலை மஞ்சப்பூவைக் காய்ச்சி, தினம் இரண்டு வேளை அவர் முதுகிலும் குதிகாலிலும் தடவுவார். இத்தனை நாளில் ஒரு படுக்கைப் புண் வரவில்லை.

"எல்லாம் உங்க பூதான் பாய்" என்பார் மாமி.

"புரட்டிப் புரட்டிப் படுக்க வெக்கிறது நீங்க, பேரு எனக்கா?" என்பார் பாய்.

மாமியிடம் ஒரு வழக்கம் உண்டு. பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுபோனதும் முதல் சிட்டிகையைச் சுவாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பார். "பூன்னு பேர் இருக்கோல்லியோ. சுவாமிக்கு வெக்காம எப்படி?" சுவாமிக்கு வைக்கிற பூவை யாரும் மோந்து பார்க்க மாட்டார்கள். அதனால் மாமி அந்தப் பொடியை ஒரு நாளும் மோந்து பார்த்தது கிடையாது. மூச்சுக்காற்றுகூடப் படாமல் பொட்டலத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் போவார். பக்தியுள்ளவர்கள் செய்கிறதுதானே என்று நானும் நினைத்திருந்தேன்.

இரண்டாவது கொரோனாவில் பாய்க்கும் அவர் மனைவி அஃப்சருன்னிசா அக்காவுக்கும் காய்ச்சல் வந்தது. இருபது நாள் கடை பூட்டியிருந்தது. நான் அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். அக்காவிடம் சொன்னதற்கு, "எந்தச் சாமி வழியா வந்தா இன்னா, வரட்டும்" என்றார். இருவரும் தேறி வந்தார்கள். பாய் இன்னும் கொஞ்சம் இளைத்திருந்தார். மற்றபடி பழையபடியே டின்னைத் திறந்தார், சிட்டிகை எடுத்தார், கண்ணை மூடினார், நிறுத்தார்.

ஒன்று மட்டும் புதிது. என்னை அடிக்கடி கூப்பிட்டுக் கேட்க ஆரம்பித்தார். "புதுசா வந்த சுக்கு எப்படி கீது, பாரு." "இந்த வசம்பு காரமா கீதா, சொல்லு." எனக்கு ஒரே பெருமை. ஒன்பது வருஷம் கழித்து நம்மையும் ஒரு ஆளாக மதித்துக் கேட்கிறாரே என்று வீட்டில் போய்ச் சொல்லிக்கொண்டேன். மோந்து பார்த்து, ரொம்பத் தெரிந்தவள் மாதிரி, "நல்லா கீது பாய்" என்பேன். அவர் தலையை ஆட்டிக்கொள்வார்.

அப்புறம் மிக்ஜாம் புயல் வந்தது. கடைக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். பூக்கடைக்காரர்களும், பக்கத்து டெய்லரும் ஓடிவந்து கைக்குக் கை மாற்றி நூற்று நாற்பது டின்னையும் பரண்மேல் ஏற்றினார்கள். ஒன்றுகூட நனையவில்லை. இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்ததும் எல்லாவற்றையும் இறக்கினோம். வெளிப்பக்கமெல்லாம் சேறு தெறித்திருந்தது. நான் மூடிகளைக் கழற்றி, டின் வாயை வேட்டித் துணியால் கட்டி, மூடிகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, நடைபாதையில் பரப்பிக் காயவைத்து, எடுத்து மூடி, வரிசையாக அடுக்கினேன். பளபளவென்று இருந்தது. பாய் நின்று பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இன்னா பாய்?"

"ஒண்ணுமில்லமா. அழகா கீது" என்றார்.

அன்றைக்குத் தெரு முழுக்கச் சாக்கடை நாற்றம். தண்ணீர் வடிந்த இடத்திலெல்லாம் எலி செத்துக் கிடந்தது. எல்லோரும் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு திரிந்தோம். பாய் மட்டும் சாக்கடை ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நிதானமாகத் தேநீர் குடித்தார். ஆண்டவன் இவருக்கு எவ்வளவு பொறுமையைக் கொடுத்திருக்கிறான் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஜலஜா மாமி வந்தார். புயலில் மூன்று நாள் கரண்ட் இல்லை, காற்றுப் படுக்கை வேலை செய்யவில்லை, சாருக்கு முதுகு சிவந்திருக்கிறது என்று சொல்லும்போதே அவருக்குக் குரல் கம்மியது. எண்ணெயும் தீர்ந்துவிட்டதாம்.

பாய் எழுந்து டின்களுக்கு முன்னால் நின்றார். விரலால் மூடிகளைத் தடவிக்கொண்டே போனார். ஒரு டின்னை எடுத்தார். மூடி ஓரத்தில் பிறை மாதிரி ஒரு நசுங்கல் இருந்தது. திறந்தார், சிட்டிகை எடுத்தார், கண்ணை மூடினார், நிறுத்தார். நான் மடித்துக் கொடுத்தேன். மாமி பொட்டலத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு வேகமாகப் போனார்.

நான் தராசுத் தட்டைத் துடைத்தேன். துணியை உதறியதும் எனக்குக் கண் எரிந்தது. மூக்கில் சுள்ளென்று ஒரு நெடி ஏறியது. புல்லும் இல்லை, சாம்பிராணியும் இல்லை.

"பாய், இது மலை மஞ்சப்பூ இல்ல போல கீதே."

துணியை வாங்கி மோந்து பார்த்தார். "அதேதாம்மா" என்றார்.

"இல்ல பாய். கண்ணு எரியுது. நல்லா பாருங்க."

மறுபடியும் மோந்தார். இந்த முறை ரொம்ப ஆழமாக இழுத்தார். எனக்கு எட்ட நின்றே எரிந்தது. அவர் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தது. ஆனால் முகம் சுளிக்கவில்லை. "அதேதான்" என்றார் மறுபடியும். குரல் மட்டும் இறங்கிவிட்டது.

அப்போதுதான் எனக்குச் சாக்கடை ஓரத்துத் தேநீர் ஞாபகம் வந்தது. சுக்கு, வசம்பு எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ரெண்டரை வருஷமாச்சு முத்துலட்சுமி. காய்ச்சல்ல போனது. திரும்பி வரல."

"அப்போ இத்தினி நாளா..."

"எந்த டின்னு எங்க கீதுன்னு மனசுல கீது. அப்பா காலத்துலேர்ந்து ஒரே இடம். மூடியில இருக்கற நசுங்கல், கீறல், எல்லாம் தெரியும். மூக்குக்குக் கொண்டுபோறது சும்மா. வர்றவங்களுக்காக."

டின்கள் இடம் மாறின. சரி, மூடியைப் பார்த்து எடுத்திருக்கிறார். அந்த மூடிகளைக் கழற்றிக் கழுவிக் கலந்து மூடியது யார்? நான்தானே. எல்லாம் ஒரே அளவு மூடி. எது எதற்கு என்று எனக்கு யார் சொன்னார்கள்? "பாய், மூடியெல்லாம் நான்தான் மாத்திட்டேன்" என்று அழுதேன்.

"நீ எதுக்குமா அழுவற? வாசனை வரலன்னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தா நீ மாத்தியிருப்பியா?" என்றவர், டின்னிலிருந்து கொஞ்சம் எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தார். அழுத்தித் தேய்த்தார். நறநறவென்று இருந்தது. பூப்பொடி மாவு மாதிரி இருக்கும், இது வேர். கண்ணை எரிய வைக்கிற வேர் கடையில் ஒன்றே ஒன்றுதான்.

"யா அல்லா" என்று எழுந்துவிட்டார். "கொடிவேலி."

கொடிவேலி வேர் பச்சைத் தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பும். கடையில் வைத்தியர்களுக்கு மட்டும், எச்சரித்துக் கொடுக்கிற சரக்கு. அதை எண்ணெயில் காய்ச்சி, ஏற்கெனவே சிவந்திருக்கிற ஒரு வயசாளியின் முதுகில் தேய்த்தால் என்ன ஆகும்?

மாமி வீட்டுக்குப் போன் போட்டார். லேண்ட்லைன் புயலிலிருந்தே செத்துக் கிடந்தது. "நான் ஓடிப் போய்ச் சொல்லிட்டு வரேன் பாய், பொட்டலம் மாறிப்போச்சுன்னு சொல்லி வாங்கியாந்துடறேன். வேற ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். அவர் பெயர் கெட வேண்டாம் என்று.

ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். அந்த ஒரு நிமிஷத்தில் அவர் என்னவெல்லாம் நினைத்தாரோ. அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டார். "நான் குடுத்தது. நான்தான் போகணும். நீயும் வா. மாத்தி எடுத்துக்கினு போறதுக்கு எனக்கு இன்னிக்கு எந்த டின்னும் தெரியாது."

ஆட்டோ ஒன்றும் நிற்கவில்லை. தெருவெல்லாம் சேறு, விழுந்த மரக்கிளை. அறுபத்து மூன்று வயசில் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். தெரிந்தவர்கள் எல்லாம் "இன்னா பாய், இன்னா ஆச்சு?" என்று கேட்டார்கள். அவர் நிற்கவேயில்லை. வழியெல்லாம் நான் அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே போனேன். அவர் உதடும் அசைந்துகொண்டிருந்தது.

மாடியில் மாமி வீட்டுக் கதவு திறந்திருந்தது. சமையலறையில் எண்ணெய் சலசலக்கும் சத்தம் கேட்டது.

"மாமி! அடுப்ப நிறுத்துங்க!"

மாமி கரண்டியோடு வெளியே வந்தார். "என்ன பாய், இப்படி மூச்சு வாங்கிண்டு வந்திருக்கேள்? உக்காருங்கோ முதல்ல."

"தடவிட்டீங்களா?"

"இப்பத்தானே எண்ணெய் காயறது. பொடியைப் போட்டு, ஆறினப்புறம்தான் தடவணும்."

பாய் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து அறையில் கட்டிலில் சந்திரமௌலி சார் தலையைத் திருப்பி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதிலும் விழும்படித்தான் பாய் சொன்னார்.

"மாமி, அது உங்க பூ இல்ல. தப்பான சரக்கு. தோலுல பட்டா புண்ணாயிடும். எனக்கு வாசனை தெரியாது மாமி. கொரோனாலேர்ந்து தெரியாது. தெரியற மாதிரி நடிச்சிக்கினு இருந்தேன். உங்ககிட்டயும்தான்."

மாமி உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு, சுவாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்த சிட்டிகையை ஒரு காகிதத்தில் எடுத்துவந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அதை மூக்குக்குக் கொண்டுபோனார். உடனே இரண்டு தும்மல். கண்ணெல்லாம் சிவந்துவிட்டது.

"கர்மம், மிளகாய்க் குடோன் மாதிரின்னா இருக்கு! ரெண்டு வருஷமா வாங்கறேன், ஒரு நாள் மோந்திருந்தா எனக்கே வித்தியாசம் தெரிஞ்சிருக்குமே. பூன்னா மோக்கப்படாதுன்னு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர், திடீரென்று கட்டிலைப் பார்த்தார். அந்தச் சிவந்த முதுகை நினைத்திருப்பார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். பாய் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். திட்டினால்கூட நன்றாக இருக்கும் என்று எனக்கு இருந்தது.

சந்திரமௌலி சார்தான் பேசினார். "ஜலஜா, அழறதுக்கு என்ன இருக்கு, நான் இன்னும் வேகலையே. பாய், இப்படி வாரும். உமக்கு மூக்கு போச்சு. எனக்குக் கால் போச்சு. ரெண்டு பேரையும் கூட்டினாலும் ஒரு முழு ஆள் தேறமாட்டான் போலிருக்கே."

பாய்க்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கட்டில் பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுடுங்க சார். நான் கடையை மூடிடறேன்."

"மூடினா எனக்கு எண்ணெய் யார் குடுப்பா? நீர் ஓடி வந்தீர் பாரும், அதுக்கு முழு மார்க். மத்த பாடத்துல ஃபெயில். சப்ளிமென்டரி எழுதிப் பாஸ் பண்ணும்" என்றார் வாத்தியார்.

ஆனாலும் பாய் கடையை மூடித்தான் விட்டார். நாலு நாள் ஷட்டர் ஏறவில்லை. தப்பான பொட்டலம் வேறு யாருக்காவது போயிருக்கிறதா என்று யோசித்து, புயலுக்குப் பிறகு வந்த மூன்று பேர் வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லித் திரும்ப வாங்கி வந்தார். அதற்கு மேல் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. ஐந்தாம் நாள் நான் அவர் வீட்டுக்குப் போனேன். அஃப்சருன்னிசா அக்கா கதவைத் திறந்தார். பாய் ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"நீயே கேளு முத்துலட்சுமி. சாப்பாடும் இல்ல, பேச்சும் இல்ல."

"அக்கா, உங்களுக்கும் தெரியாதா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"தெரியாமயா? காய்ச்சல் விட்ட மறு வாரம் பிரியாணி செஞ்சேன். அடிப்பிடிச்சு வீடெல்லாம் ஒரே புகை. பக்கத்து வீட்ல ஓடியாந்து கதவ தட்டறாங்க. இவரு உக்காந்துக்கினு, 'வாசனையே தூக்குது அஃப்சர்'ன்றாரு! எனக்குப் புரிஞ்சிடுச்சு. சொல்லுவாரு, சொல்லுவாருன்னு பாத்தேன். ரெண்டரை வருஷமா நான் கருகினதையெல்லாம் இவருக்கே போட்டுக்கினு இருந்தேன், ஒரு நாளாவது வாயத் தொறக்கறாரான்னு."

பாய் சட்டென்று திரும்பினார். "வேணும்னே போட்டியா?"

"பின்ன? நல்லதையெல்லாம் நான் துன்னேன்."

முதலில் பாய்தான் சிரித்தார். நாலு நாளுக்கப்புறம் வந்த சிரிப்பு. இருமலோடு சேர்ந்து வந்தது. அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

"மூக்கு போனா கண்ணு இல்லயா? கை இல்லயா? நாக்கு இல்லயா?" என்றார் அக்கா. "பொடியா இருந்தாத்தானே தெரியல? முழுசா வெச்சு வியாபாரம் பண்ணுங்களேன். வேரை வேரா பாத்தா உங்களுக்கு அடையாளம் தெரியாதா?"

பாய் சாப்பிட எழுந்தார்.

மறுநாள் ஷட்டர் ஏறியது. நூற்று நாற்பது டின்னில் இருந்த பொடியையும் ஒரு சிட்டிகை விடாமல் சாக்கில் கொட்டினோம். எனக்குத் தெரிந்த வாசனையை வைத்து நாலைந்தையாவது பிரிக்கலாம் என்றேன். "உனக்கு எத்தினி நிச்சயமா தெரியும்?" என்றார். யோசித்தேன். ஒரு பதினைந்து தெரியும். அதிலும் சத்தியம் செய்யச் சொன்னால் எட்டு. "அப்போ வேணாம்" என்று கொட்டிவிட்டார். அப்பா காலத்து டின்கள் காலியாக வெயிலில் கிடந்ததை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய், புதிதாக வாங்கி வைத்திருந்த முழுக் கடுக்காயைத் துடைக்க ஆரம்பித்தார்.

இனிமேல் எல்லாம் முழுசு. வேர் வேராக, பட்டை பட்டையாக, பூ பூவாக. கண்ணாடி பாட்டிலில் வெளியே தெரியும்படி. கேட்டால் எதிரிலேயே எடுத்துக் காட்டி, மிஷினில் அரைத்துக் கொடுப்பது. வருகிற ஒவ்வொருவரிடமும் பாயே முதலில் சொல்லிவிடுவார்: "எனக்கு வாசனை தெரியாது. கண்ணால பாத்து, கையால உடைச்சுத்தான் தரேன். இஷ்டம் இருந்தா வாங்கு." முதல் நாள் அதைச் சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. நான் திரும்பி நின்றுகொண்டேன்.

சிலர் போனார்கள். அடையாற்றிலிருந்து மாதாமாதம் வரும் வைத்தியர் ஒருவர், "மூக்கு இல்லாத கடையில் எனக்கு என்ன வேலை" என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை. பாய் அன்றைக்குத் தேநீர்கூடக் குடிக்கவில்லை. சிலர் நின்றார்கள். கைக்குழந்தைக்கு வசம்பு வாங்க வந்த ஸ்ரீரஞ்சனி என்ற பெண், பாய் சொன்னதைக் கேட்டுவிட்டு, "பரவால்ல பாய், எங்க வீட்டுக்காரருக்கு மூக்கு நல்லாதான் இருக்கு, டயப்பர் மாத்தச் சொன்னா மட்டும் வேலை செய்யாது" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனாள்.

மலை மஞ்சப்பூ மட்டும் வரவில்லை. மாமி வெறும் தேங்காய் எண்ணெயைத்தான் தடவிக்கொண்டிருந்தார். கரண்ட் வந்து காற்றுப் படுக்கை வேலை செய்ததில் சாருடைய முதுகுச் சிவப்பு தணிந்துவிட்டது. ஆனாலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து "வந்துதா?" என்று கேட்டுவிட்டுப் போவார். பாய் கோத்தகிரிக்குப் போன் போட்டார். போன் சத்தமாக வைத்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"பொடி வேணாம் சாய்நாத். பூவா, முழுசா, காம்போட அனுப்பு."

"பூவா அனுப்புனா சாக்குல பாதி வெறும் காத்துதான் பாய் இருக்கும்."

"காத்தையும் சேத்தே அனுப்புப்பா. நம்ம ஊர்ல அதுக்கும் பஞ்சம்தான்."

தை மாதம் வெள்ளிக்கிழமை ஒன்றில் பார்சல் வந்தது. பெரிய சாக்கு, ஆனால் ஒரு கையால் தூக்கிவிடலாம். மாமி அப்போதுதான் வந்து நின்றிருந்தார். பாய் நூலை வெட்டவில்லை, முடிச்சை அவிழ்த்தார். உள்ளே காகிதத்தில் சுற்றிய கட்டுகள். ஒரு கட்டைப் பிரித்து மேஜைமேல் வைத்தார்.

குச்சி குச்சியாகக் கிளைகள். நிறம் கொஞ்சம் சிவந்த மரக்குச்சிகள். காம்பே இல்லாமல் எதிரெதிராக ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சின்ன இலைகள். நுனியில் பூ. காய்ந்தும் மஞ்சள் போகவில்லை. ஐந்து இதழ், ஒன்றின்மேல் ஒன்று லேசாக ஏறி, காற்றாடி மாதிரி கொஞ்சம் திருகியிருந்தது. நடுவில் மஞ்சள் நூலை வெட்டிக் கொத்தாக நட்டு வைத்ததுபோல அத்தனை அத்தனை இழைகள்.

பாய் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். ஒரு பூவை எடுத்தார். விரல் பட்டு உதிர்ந்துவிடுமோ என்று பயந்தவர்போல உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வாசலில் வெளிச்சத்துக்குப் போனார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். இலையின் அடிப்பக்கம் பார்த்தார். ஒரு குச்சியை ஒடித்து உள்ளே பார்த்தார். இழைகளை எண்ண ஆரம்பித்து நடுவில் விட்டுவிட்டார்.

"நாப்பது வருஷம்" என்றார். "இவன்கூட நாப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். மூஞ்ச இப்பதான் பாக்குறேன்."

தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பாய் அதைக் கவனித்தாரா என்றே தெரியவில்லை. இன்னொரு கிளையை எடுத்தார். அதிலிருந்த பூ முதல் பூவைவிடச் சின்னது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். மொட்டைப் பிரித்துப் பார்த்தார். இனிமேல் எந்தக் கூட்டத்தில் வைத்தாலும் இதை அடையாளம் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று மனப்பாடம் செய்கிறவர் மாதிரி இருந்தது.

மாமிதான் பொறுமை இழந்தார்.

"பாய், நீங்க சாவகாசமா குசலம் விசாரிங்கோ. நான் எண்ணெயைக் கிண்ணத்துல எடுத்து வெச்சுட்டு வந்திருக்கேன், மாமா கட்டில்லேர்ந்து கத்திண்டிருப்பார்."

"ஐயோ, தோ, ஆச்சு மாமி" என்று பாய் தராசுப் பக்கம் திரும்பினார். பூக்களைக் காம்பிலிருந்து கிள்ளி, ஒவ்வொன்றாகப் பார்த்து, தராசில் போட்டார். தூசி தட்டினார். ஒன்று கறுத்திருந்தது, எடுத்து ஒதுக்கினார். பிறகு மிஷினில் போட்டு மூடியை அழுத்தினார். மிஷின் நின்றதும் மூடியைத் திறந்து மாமியின் பக்கம் திருப்பிக் காட்டினார். மாமி எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் பொட்டலம் மடித்தேன்.